நமச்சிவாயம் வீட்டு இரண்டாவது மீட்டர்

வாயில் பிரஷ்ஷைக் கடித்தபடி நமச்சிவாயம் மீட்டர் பெட்டியின் முன்னால் நிற்கிறார். பெட்டிக்குள் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டுகிறது. வீட்டுக்குள் ஓடும் மின்சாரம் கூடக்கூட அந்தச் சிமிட்டலும் வேகமெடுக்கும். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தவர், நுரையைத் துப்பாமலேயே உள்ளே குரல் கொடுக்கிறார்.

"யாருமா அது, இஸ்திரிப் பொட்டிய சொருகினது?"

உள்ளே 'டக்'கென்று ஒரு சுவிட்ச் அணைகிறது. விளக்கு நிதானத்துக்கு வருகிறது. அதற்குப் பிறகுதான் வாயைக் கொப்பளிக்கிறார்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இவர் வீட்டு மாடி அறையில் நான் குடியிருக்கிறேன். ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. ஊர் வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறேன். நான் குடிவந்த அன்று மாடியேறி வந்த நமச்சிவாயம் அதை வெகுநேரம் பார்த்தார். "டிகிரியா? ரொம்ப நல்லதுபா. அதுக்கு மேல சீரியல் லைட்டு கிட்டு எதனா போடுவியா?" என்றார். மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் சாவி கைக்கு வந்தது.

அவருடைய தொழில் பாவு பிணைப்பது. தறியில் நீளவாட்டில் கட்டிய ஒரு பாவு தீர்ந்து புதுப் பாவு ஏறும்போது, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழையின் நுனியைச் சேர்த்து முறுக்கி ஒன்றாக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பட்டு இழைகள். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தறிக்குள் குனிந்து உட்கார்ந்து, வீடு வீடாகப் போய்ச் செய்கிற வேலை. அந்த நேரத்தில் தறி வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது. காற்று அடித்தால் நுனிகள் பறந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். வாலிப வயதிலிருந்து இப்படியே உட்கார்ந்து பழகியவருக்கு மின்விசிறி என்றாலே தொழிலுக்கு விரோதி. "காத்து தெருவுல சும்மாதானே கெடக்குது? போயி எடுத்துக்கோயேன். அதுக்கு எதுக்குபா ரெக்கை?" என்பார். சொல்லும்போது உச்சந்தலையிலிருந்து வேர்வை ஓடி, நெற்றியில் பட்டை போட்ட திருநீற்றை இரண்டாக வகிர்ந்திருக்கும்.

வீட்டுக்குள் அவர் சட்டங்கள் தனி. குளிர்பதனப் பெட்டியை யார் திறந்தாலும் எங்கிருந்தாவது குரல் வரும்: "இன்னா எடுக்கப் போறன்னு யோசிச்சிக்கினு தொற. தொறந்து வெச்சிக்கினு யோசிக்காத." தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால் அணைத்துவிட வேண்டும். "சோப்பு விக்கறவன் லாபம் பாக்கறதுக்கு நம்ம கரன்ட்டா?" அது பழைய பெட்டி. மறுபடி போட்டால் படம் தெரிய நேரம் பிடிக்கும். ஒவ்வொரு விளம்பரத்துக்குப் பிறகும் தொடரின் முக்கியமான வசனம் போய்விடுகிறது என்பது அவர் மனைவி மங்கையர்க்கரசியின் வருத்தம். "யாரு யாரைக் கொன்னாங்கன்னே தெரியாம மூணு நாடகம் பாத்து முடிச்சிட்டேன் தம்பி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த ராஜாங்கம் சீராக நடந்துகொண்டிருந்தது, மகன் விக்னேஷுக்குக் கல்யாணம் ஆகும்வரை. மருமகள் புவனேஸ்வரிக்கு வாலாஜாபாத். சம்பந்தி வீட்டார் சீராகக் கட்டில், பீரோவோடு ஒரு ஏசியையும் கொண்டுவந்து இறக்கினார்கள். கட்டிலும் பீரோவும் தீனி கேட்பதில்லை. ஏசி கேட்டது.

விற்கவும் முடியாது, மாட்டாமல் இருக்கவும் முடியாது; சீர். போடாமல் இருக்கவும் முடியவில்லை. விக்னேஷ் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தில் வேலை செய்கிறான். இரவு ஷிப்ட் வாரங்களில் பகலில்தான் தூக்கம். பின்கட்டு அறை மேற்குப் பார்த்தது. சித்திரை மாத மத்தியானத்தில் அந்தச் சுவரில் வறட்டி தட்டினால் உடனே காய்ந்து விழும்.

அந்தக் கோடையில் முதல்முறையாக மீட்டர் ஐந்நூறைத் தாண்டியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு எடுக்கிறார்கள். முதல் நூறு யூனிட்டுக்குக் காசில்லை. ஐந்நூறுக்குள் நின்றுகொண்டால் ஒரு விலை. தாண்டினால் கீழே இருக்கும் யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். இந்த ஐந்நூறுக்கு நமச்சிவாயம் வைத்திருக்கும் பெயர் 'கோடு'. "கோட்டத் தாண்டி ஒரே ஒரு அடி வெச்சா சீதைக்கே இன்னா கதியாச்சி? நாமெல்லாம் எந்த மூலை?" என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொன்னார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். மத்தியானம் மகனின் குறட்டைச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் பூனைபோல உள்ளே போய் ஏசியை அணைத்துவிட்டு வருவார். கொஞ்ச நேரத்தில் குறட்டை நிற்கும். விக்னேஷ் குளத்திலிருந்து எழுந்தவன் மாதிரி வெளியே வருவான். சில நாள் பொறுத்துப் பார்த்தவன், ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தான்.

"நைனா, மெஷின்ல கைய உட்டு எடுக்கற வேலை எனக்கு. தூக்கம் இல்லாம போனன்னா ஒருநாள் வெரலு உள்ளயே போயிடும். நாங்க ஒரகடத்துலயே ரூம் எடுத்துக்கினு போயிடறோம்."

நமச்சிவாயத்துக்கு ஒரே பிள்ளை. எந்த ஷிப்ட் முடிந்து மகன் எத்தனை மணிக்கு வந்தாலும் காத்திருந்து, பக்கத்தில் உட்கார்ந்துதான் அவர் சாப்பிடுவார். அன்று சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார். மகன் வீட்டை விட்டுப் போகக் கூடாது. மீட்டர் கோட்டைத் தாண்டவும் கூடாது. இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்பதுதான் அடுத்த சில நாள் அவருக்கு யோசனை.

வழி டீக்கடையில் கிடைத்தது. மகன் தனிக் குடும்பம் என்றால் பின்கட்டுக்குத் தனி இணைப்பு வாங்கலாம். இரண்டு மீட்டர், இரண்டு நூறு, இரண்டு கோடு. படியேறி என் அறைக்கு வந்தார்.

"தம்பி, உன் டிகிரிக்கு ஒரு வேலை வந்துக்குது."

இப்போதெல்லாம் விண்ணப்பம் இணையத்தில்தான். விக்னேஷ் பெயரில் கைபேசியிலேயே போட்டு முடித்தேன். நமச்சிவாயத்துக்குத் திருப்தியில்லை. "அவ்ளோதானா? பேனாவே எடுக்கல? இதுக்கா உங்கப்பா உன்னக் காலேஜுக்கு அனுப்பினாரு?" என்றார்.

தனி வாசல், தனி அடுப்பு, தனிக் குடும்பம், மூன்றும் இருக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்போம் என்று மின்வாரிய அலுவலகத்தில் சொன்னார்கள். வாசல் ஏற்கெனவே இருந்தது. பின்கட்டுக்குச் சந்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. வீட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் இருந்த கதவைச் சாத்தி, குறுக்கே ஒரு பலகை வைத்து நமச்சிவாயமே ஆணி அடித்தார். அடுப்பு விஷயத்தை மருமகளிடம் ஒப்படைத்தார்.

"மாமா, அடுப்பு மட்டும் வெச்சா நம்புவாங்களா? பாத்திரம் வேணாமா?"

"உள்ளேர்ந்து நாலு பாத்திரம் எடுத்துக்கோமா."

"அடி புடிச்ச பாத்திரத்த வெச்சா, மாமியாரு வெறுங்கையோட தொரத்திட்டாங்கன்னு நெனைச்சிப்பாங்களே மாமா."

"நெனைக்கட்டும்மா! அதானே நமக்கு வேணும்!"

"ஆபீசர் நெனைக்கலாம். எங்கம்மா நெனைக்கக் கூடாதில்ல?"

புதுப் பாத்திரங்கள் வந்தன. அஞ்சறைப் பெட்டி வந்தது. புது அடுப்பில் பால் காய்ச்சாமல் எதையும் ஏற்றக் கூடாது என்பதால் நல்ல நாள் பார்த்துப் பாலும் காய்ச்சினாள். பால் பொங்கி வழியும் படத்தைப் புவனேஸ்வரி வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள். அடுத்த நிமிடம் வாலாஜாபாத்திலிருந்து அவள் அம்மா அழைத்தார். ஸ்பீக்கரில் இருந்த போன் பலகைக்கு இந்தப் பக்கமும் கேட்டது: "எம்மா நாள் வேண்டுதல் கண்ணு! அந்த ஏகாம்பரநாதர் கண்ணத் தொறந்துட்டாரு!"

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார். மங்கையர்க்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரான் ஊட்டுப் பாவெல்லாம் இழை இழையா பிணைச்சிக் குடுக்கற மனுசன், பெத்த புள்ளைய வெட்டி உட்டுட்டாரே!" என்று கண்ணைத் துடைத்தார். உண்மையைச் சொல்ல வழியில்லை. பொன்னியம்மாள் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் மின்வாரிய அலுவலகம் வரைக்கும் போய்விடும். ஆகவே மங்கையர்க்கரசி துக்கத்தை ஏற்றுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அது அவருக்குப் பிடித்துப்போனது. விசாரிக்க வருகிறவர்களுக்கென்று மோர் கடைந்து வைத்தார். "எனக்குன்னு இந்தத் தெருவுல இவ்ளோ பேரு இருக்காங்கன்னே தெரியாம போச்சி தம்பி" என்றார்.

ஆனால் வர வேண்டிய ஆள் மட்டும் வரவில்லை. இன்று வருவார், நாளை வருவார் என்று நாள் ஓடியது. "திடீர்னு வந்துட்டா அடுப்பு ஜில்லுனு இருக்குமே மாமா" என்று புவனேஸ்வரி தினமும் அதில் சமைக்க ஆரம்பித்தாள். சமைத்ததை வீணாக்க முடியாது, விக்னேஷ் அங்கேயே சாப்பிட ஆரம்பித்தான். ஒரு மத்தியானம் பலகை அடித்த கதவின் இடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. நமச்சிவாயம் தீட்சை வாங்கியவர். அவர் வீட்டுக்குள் மீன் நுழைந்ததில்லை. கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாடி வாசனை இது?"

"தனிக் குடும்பத்து வாசனை" என்றார் மங்கையர்க்கரசி.

"ஆபீசர் வந்துட்டுப் போவட்டும். அன்னிக்கே இந்தப் பலகையப் புடுங்கி எறிஞ்சிடறேன்" என்றார் அவர். மகனுடைய தட்டு வழக்கமாக வைக்கும் இடம் வெறுமனே கிடந்தது. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அப்போதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கினி நட்சத்திர வெயிலில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மின்வாரியத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். நான் விடுமுறையில் இருந்தேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்து வாசலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், தொட்டும் பார்த்து, சூடு உறைத்துக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நமச்சிவாயம் விசிறி சுவிட்சைப் போட்டார். நான் அந்த வீட்டில் பார்த்த அபூர்வக் காட்சிகளில் அது ஒன்று.

மங்கையர்க்கரசிக்கு இரண்டே சொல்தான் வசனம். ஒரு வாரமாக ஒத்திகை நடந்திருந்தது.

"ஒரே புள்ளைங்கறீங்க. ஏம்மா தனியா வெச்சீங்க?" என்றார் அதிகாரி.

"ஒத்து வரலைங்க."

நமச்சிவாயம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதிகாரி கைபேசியில் எதையோ தட்டிக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, "என்னம்மா ஒத்து வரல?" என்றார்.

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. மங்கையர்க்கரசி புருஷனைப் பார்த்தார். பிறகு பலகை அடித்த கதவைப் பார்த்தார்.

"தோசக்கல்லுங்க" என்றார்.

"என்னது?"

"எங்க மாமியா காலத்துக் கல்லும்மா. எண்ணெ குடிச்சிக் குடிச்சிப் பதம் வந்த கல்லு. அத்தப் போயி சோப்பு போட்டு, கம்பி நாரு போட்டுத் தேய்ச்சி வெச்சிட்டா. கேட்டா 'சுத்தம் அத்தை'ன்றா. அன்னியிலேர்ந்து இந்த ஊட்டுல ஒரு தோசை முழுசா எழுந்து வந்திருக்குமா? பிச்சிப் பிச்சித் தின்னுக்கினு இருக்கிறோம்!"

கதவுக்குப் பின்னாலிருந்து புவனேஸ்வரி குரல் வந்தது. "மேடம், நான் வந்ததுலேர்ந்து ஒரு நாளாவது என் கையால உப்பு போட்டிருக்கேனான்னு கேளுங்க மேடம்! நான் போட்டா அதுக்கு மேல போடுவாங்க. நான் போடலன்னா ஏன் போடலன்னு போடுவாங்க!"

"ஆமா, வாலாஜாபாத்துல உப்பே கெடையாது பாரு!"

நமச்சிவாயம் பூரித்துப்போனார். என் காதோரம் குனிந்து, "இன்னாமா நடிக்கறாங்க பாத்தியா? சொல்லிக் குடுக்காததெல்லாம் பேசறாங்க" என்றார்.

"எல்லாத்தயும் உடுங்க மேடம். நான் ஜாக்கெட் தைக்கறவ. என் மெஷின் மோட்டாரக் கழட்டிப் பரண்ல போட்டுட்டாரு மாமா. கால்ல மிதின்னாரு. முகூர்த்த மாசத்துல ராப்பகலா மிதிச்சி என் காலு ரெண்டும் வீங்கிப் போச்சி. யாரு கிட்ட போயி சொல்றது?"

நமச்சிவாயத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. அதற்கு மங்கையர்க்கரசி ஒரு பதில் வைத்திருப்பார் என்று அவர் பக்கம் திரும்பினார். மங்கையர்க்கரசியின் குரல் இறங்கிவந்தது.

"அந்தப் பொண்ணு சொல்றது நெசந்தாம்மா. காலு வீங்கினது நெசம். நான்தான் வெளக்கெண்ணெ தேய்ச்சி உட்டேன்." ஒரு மூச்சு விட்டுக்கொண்டு அதிகாரியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, எனக்கும் ஒரு மீட்டரு வெச்சிக் குடுத்துடறீங்களா? சின்னதா இருந்தாலும் போதும். நானும் தனியா போயிடறேன். ஒரு நாடகத்தயாவது முழுசாப் பாத்துட்டு சாவறேன்."

அதிகாரி எழுந்துகொண்டார். "போதும்மா. நான் எழுதிக்கறேன். இவ்வளவு தெளிவாப் பிரிஞ்ச குடும்பத்த நான் பாத்ததே இல்ல."

புது மீட்டர் வந்தது. அடுத்த கணக்கில் இரண்டு மீட்டரும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றன. நமச்சிவாயம் என்னை வாசலுக்கும் சந்துக்குமாக அழைத்துப்போய் இரண்டையும் காட்டினார். விக்னேஷ் பகலெல்லாம் அடித்துப் போட்டது போலத் தூங்கினான். ஒரகடத்துப் பேச்சே எழவில்லை. ஒரு காலை, நமச்சிவாயம் சுத்தியலை எடுத்துக்கொண்டு பலகை முன்னால் போய் நின்றார். முதல் ஆணியில் சுத்தியலின் பிளவைக் கொடுத்து நெம்பும்போதே உள்ளிருந்து சத்தம் வந்தது.

"யாரது?"

"நான்தாம்மா. வேலை முடிஞ்சிட்டுதில்ல, பலகைய எடுத்துடலாம்னு."

மோட்டார் வைத்த தையல் மெஷின் 'டர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"மாமா, திடீர்னு செக்கிங் வருவாங்களாமே. கதவு தொறந்திருந்தா இன்னான்னு சொல்றது?"

"செக்கிங்கா?"

"மீட்டரக் கழட்டிக்கினு போயிட்டா? மறுபடி அவரு ஏசி போடக் கூடாதும்பீங்க. அவரு மறுபடி ஒரகடத்துக்குப் போலாம்பாரு."

இந்த வீட்டில் இத்தனை நாளும் எல்லாரையும் மடக்கிய கணக்கு அது. இப்போது அவரையே மடக்கியது. நெம்பிய ஆணியைச் சுத்தியலின் மறுபக்கத்தால் மெதுவாகத் தட்டி உள்ளே அனுப்பினார்.

"மாமா" என்றது உள்ளிருந்து. "ஞாயித்துக்கெழம அத்தையக் கூட்டிக்கினு சாப்பிட வாங்க. மாடி அண்ணனையும் வரச் சொல்லுங்க. மீனு செய்யல."

ஞாயிற்றுக்கிழமை நமச்சிவாயம் வெளுத்த வேட்டி கட்டி, திருநீறு இட்டு, ஒரு பையில் வாழைப்பழமும் மல்லிகைச் சரமும் வாங்கி வந்தார். "இன்னாங்க இது, நம்ம ஊட்டுப் பின்கட்டுக்குப் போறதுக்குப் பையா?" என்று மங்கையர்க்கரசி கேட்டதற்கு, "குடும்பம் பண்ற ஊட்டுக்கு வெறுங்கையோடயா போவாங்க?" என்றார். முன்வாசலைப் பூட்டினார். மூன்று பேரும் தெருவில் இறங்கி, முனையில் திரும்பி, வெயிலில் சுற்றிக்கொண்டு சந்துக்குள் வந்தோம். பொன்னியம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்தார். சமாதானப் பேச்சுக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பார்.

சந்துக் கதவில் புதிதாக ஓர் அழைப்பு மணி வைத்திருந்தார்கள். வெள்ளைப் பொத்தான், பக்கத்தில் விக்னேஷின் பெயர். உள்ளே ஏசியின் மெல்லிய இரைச்சல் கேட்டது. அதற்கு மேலே தாளிக்கிற சத்தம்.

நமச்சிவாயம் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பொத்தான்மேல் விரலை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

"அமுத்துங்களேன்" என்றார் மங்கையர்க்கரசி. "உங்க மீட்டரா ஓடப் போவுது? அவங்க மீட்டருதானே."

அவர் விரலை எடுத்துவிட்டார். கையை மடக்கி, விரல் முட்டியால் மகனுடைய கதவை இரண்டு தட்டு தட்டினார்.